சிடியை உடைக்காதீர்கள், ஆச்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்களில் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருந்ததைப் படித்தேன். அம்மாவின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி கேட்டாளாம். பரணிலிருந்து பழைய பிளேயரை இறக்கித் துடைத்துச் சிடியைப் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, தாலி கட்டும் திருப்பூட்டும் நன்றாகவே ஓடியது. கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்களை விழுந்து கும்பிட்டுச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிட்டது. ‘மட்டமான சிடியைப் போட்டு வீடியோக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தார். கோபத்தில் அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டாராம்.

ஏமாற்றினார்களா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உடைத்தேன் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நின்றுபோன சிடிக்குள் பெரும்பாலும் படம் இருக்கிறது. உடைத்த சிடிக்குள்ளிருந்து எடுக்க யாராலும் முடியாது.

நான் காரைக்குடிக்காரன். 1991-இல் வாடகைக்கு எடுத்த வீஎச்எஸ் கேசட் கேமராவோடு கல்யாண வீடியோத் தொழிலுக்கு வந்தேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று இந்தப் பக்கத்தில் நான் போகாத ஊர் குறைவு. வேவுச் சீர் இறக்கும்போது எந்தத் தூண் ஓரம் நிற்க வேண்டும், வீட்டு நடுமுற்றமான வளவில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கி முகத்தை வெளுக்க வைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. 2019-இல் முழங்கால் வலியால் கேமராவை வைத்துவிட்டேன். படத்தை வெட்டிக் கோக்கும் மிக்ஸிங் அறை மட்டும் இன்னும் இருக்கிறது. எங்கள் ஊரில் விசிடி, டிவிடி எல்லாமே ‘சிடி’தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சிடி ஏன் கடைசியில் நின்றது? கிராமபோன் இசைத்தட்டில் முள் வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். டிவிடியில் நேர்மாறு. நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி ஓரத்தை நோக்கி எழுதிக்கொண்டே வரும். அதனால் மாப்பிள்ளை அழைப்பு உள்ளே பத்திரமாக இருக்கும். சொல்லிக்கொள்கிற இடம் ஓரத்துக்கு வந்துவிடும். நாம் விரலால் பிடிப்பது ஓரத்தை. தட்டு லேசாக வளைந்தாலும் அதிகம் ஆடுவது ஓரம். எழுதும்போது தவறு அதிகம் விழுவதும் அங்கேதான்.

நாங்களும் விளிம்பு வரை நிரப்பினோம். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். இதில் ஏமாற்று இல்லை. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 கணக்கில் எண்ணுகிறது. அந்த இடத்துக்குள் ஒரு மணி நேரப் படம் தாராளமாக உட்காரும். இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நொடிப் படத்துக்கு 5 மெகாபிட் தகவல் வரை இடம் கிடைக்கும், பரவாயில்லை. மூன்று மணி நேரத்துக்கு 3.5-க்குள் ஒடுக்க வேண்டும். பட்டுப்புடவைக் கரை கலங்கிய தண்ணீர் மாதிரி தெரியும்.

“ரெண்டு சிடியாப் போடுறேன் ஆச்சி, நல்லா இருக்கும்” என்று சொல்லிப் பார்ப்பேன். “ஒண்ணு தொலைஞ்சு போகும் தம்பி, ஒரே சிடியாவே போட்ரு. இசைகுடிமானம் எழுதுற இடத்தை மட்டும் குறைச்சிடாதே” என்பார்கள். இசைகுடிமானம் என்பது கல்யாணத்தை எழுதிவைக்கும் பத்திரம். விசிடி காலத்தில் ஒன்றுக்கு 74 நிமிடம்தான், ஒரு கல்யாணத்துக்கு மூன்று கொடுப்போம். அதில் இரண்டாவதை எப்போதும் யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். அந்த அனுபவத்தில் கேட்டார்கள். நாங்களும் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு சிடி என்றால் எங்களுக்கும் வேலை மிச்சம். பின்னாளில் புத்தி வந்து 4.2 ஜிபிக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சிடி எழுதும் வேகம் 8 மடங்கைத் தாண்டமாட்டேன். 4-இல்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 16-இல் எழுதிவிட்டுப் போட்டுக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டுக் கொடுப்பவர்களோடுதான் சண்டை.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். 2004-இலிருந்து ஏழு வருஷம், கொடுத்த சிடிகளில் அநேகமாக எல்லாவற்றின் முதுகிலும் வட்டமான ஸ்டிக்கர் ஒட்டினேன். மேலே பிள்ளையார், நடுவில் பெண் மாப்பிள்ளை, சுற்றிலும் மஞ்சள் பார்டர். பார்க்க லட்சணமாக இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் வெறும் பேனாவால் எழுதிக் கொடுத்ததால் எனக்குக் கூட்டம் சேர்ந்தது என்றே சொல்லலாம். டிவிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் பதிவு அடுக்கை வைத்திருப்பார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் காகிதத்தையும் பசையையும் ஏற்றினால் என்ன ஆகும்? ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் குடித்து விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். வருஷா வருஷம் இப்படி இழுத்து இழுத்துத் தட்டு லேசாகக் குழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, லேசருக்குத் தெரியும். மையம் தப்பி ஒட்டியிருந்தால் சுற்றும்போது உதறலும் சேரும்.

பத்து வருஷம் கழித்து, கோட்டையூரிலிருந்து ஒரே வீட்டுச் சிடி நான்கு திரும்பி வந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. நாலும் மஞ்சள் பார்டர், நாலும் கடைசியில் நின்றன. அந்த நாலோடு சேர்த்து, ஸ்டிக்கர் ஒட்டாமல் பேனாவால் எழுதிக் கொடுத்த உபரிப் பிரதி ஒன்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அந்த ஆச்சி என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் சங்கடம்.

ஸ்டிக்கர் ஒட்டிய சிடி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பிய்க்க வேண்டாம். பிய்க்கும்போது ஒட்டிய தகடுகள் பிரிந்தால் பதிவு அடுக்கும் சேர்ந்து போகும். அப்படியே இருக்கட்டும், படத்தை வெளியே எடுத்துவிடலாம்.

எப்படி என்றால், வீட்டு பிளேயர் ஓர் அவசரக்காரன். படத்தை நிறுத்தாமல் ஓட்டியாக வேண்டும், ஓரிடத்தில் தடுக்கினால் நின்று யோசிக்க நேரமில்லை. கம்ப்யூட்டரில் சிடியைப் படிக்கும் டிரைவுக்கு அந்த அவசரம் கிடையாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். பிளேயரில் நின்ற சிடி கம்ப்யூட்டரில் ஓடுவது அதனால்தான்.

முதலில் துடையுங்கள். பழைய வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. எழுத்துக்குக் குறுக்கே விழுந்த கீறலைச் சிடியே ஓரளவு சமாளித்துக்கொள்ளும், எழுத்தின் வழியாகவே நீளமாக விழுந்த கீறலைச் சமாளிக்காது. ஒருவர் பற்பசை தேய்த்துக்கொண்டு வந்தார். இன்னொருவர் விபூதி. விபூதிக்கு வேறு வேலை இருக்கிறது.

சிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் ‘விஓபி’ என்று முடியும் கோப்புகளில்தான் படம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை, நாலைந்து இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பில் நகலெடுக்காதீர்கள். ஒன்று தடுக்கினால் மொத்தமும் நின்றுவிடும். ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் மூன்று சமர்த்தாக வந்துவிடும், மல்லுக்கு நிற்பது கடைசி ஒன்றுதான். வந்ததை விஎல்சி பிளேயரில் போட்டால் மெனு கூட வேண்டாம், நேராக ஓடும். வராததற்கு வேறொரு டிரைவ். ஒரு டிரைவ் கையை விரித்த சிடியை இன்னொன்று படித்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் முடியாவிட்டால் டிடிரெஸ்க்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடத்துக்குப் பொறுமையாகத் திரும்பி வரும்.

பள்ளத்தூர்ச் செட்டியார் ஒருவர் தன் அப்பச்சியின், அதாவது அப்பாவின், சாந்திக் கல்யாணச் (அறுபதாம் கல்யாணம்) சிடியைக் கொண்டுவந்தார். அப்பச்சி காலமாகி ஆறு வருஷம். “மத்ததெல்லாம் போனாப் போகுது தம்பி. அப்பச்சி பட்டாலையில் நடந்து வர்றது இருக்கும், அது மட்டும் வேணும்” என்றார். இரண்டு டிரைவ் படிக்கவில்லை. மூன்றாவதாக, தூக்கிப் போடலாம் என்று வைத்திருந்த பழைய டிரைவ் ஒன்றைச் செருகினேன். பதினொரு மணி நேரம் ஓடியது. மறுநாள் எண்ணிப் பார்த்தால் மொத்தம் நாற்பது ஃபிரேம், அதாவது நாற்பது தனிப்படம்தான் போயிருந்தது. நொடிக்கு 25 ஃபிரேம், ஆக இரண்டு நொடிகூட இல்லை. அப்பச்சி நடந்து வந்தார், நின்று செருப்பைத் தேடினார், யாரையோ ஏசினார். செட்டியார் அந்த ஏச்சை நாலு தடவை திரும்பப் போடச் சொன்னார்.

இன்னொரு சங்கதி. சில வீடுகளில் டிவிடி ரெக்கார்டர் வாங்கி, பழைய கேசட்டைத் தாங்களே சிடிக்கு மாற்றிவைத்தார்கள். அதில் கடைசியாக ‘பைனலைஸ்’ என்று ஒரு வேலை உண்டு, அதைச் செய்யாமல் எடுத்துவிட்டால் வேறெந்த பிளேயரும் அந்தச் சிடியைக் கண்டுகொள்ளாது. காலிச் சிடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எழுதிய பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்வட்டம் ஒரு நிறம், வெளிவட்டம் ஒரு நிறம் என்று தெரிந்தால் ஏதோ எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ரெக்கார்டர் இன்னும் ஓடினால் அதிலேயே போட்டு முடித்துவிடலாம்.

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏமாற்றியவர் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் என்னைப் போன்ற பலர் தெரியாமல்தான் செய்தோம். மிக்ஸிங்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் கிடையாது, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. முதன்முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிக் கம்ப்யூட்டரில் இறக்கியபோது, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்தை நெருங்கும்போது நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டருக்குள் படம் இறக்கும் கார்டை மாற்றினேன், மதுரையிலிருந்து ஆள் வந்து விண்டோஸையே மாற்றிவிட்டுப் போனார். கோளாறு ஹார்டு டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபார்மட்டில் இருந்தது. ஃபேட் 32 என்ற ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்தக் கேமராப் படம் மணிக்கு 13 ஜிபி. கணக்குப் போட்டால் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு! இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆவணி மாத முகூர்த்தங்கள் முழுக்கப் போயின.

அதைவிட மானம் போனது நாகஸ்வரக்காரரிடம். கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் இறக்கும்போது நடுவில் ஃபிரேம்களைத் தவறவிடும். 25 போனால் படத்தில் ஒரு நொடி குறையும், சத்தம் மட்டும் முழு நீளத்துக்கு இருக்கும். கல்யாணம் முடிவதற்குள் சத்தம் நாலைந்து நொடி பின்தங்கிவிட்டது. வித்வான் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார், தோடி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “என்னை வாயசைக்கிறவன் ஆக்கிட்டீங்களே அண்ணே” என்றார். அதற்கப்புறம் இறக்கி முடித்ததும் தவறிய ஃபிரேம் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்காமல் டீ குடிக்கப் போனதில்லை.

2012-இல் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சிடி தீர்ந்தது, மறுபடி எழுத முடியாது. எங்கள் தெருக் குழந்தைகள் அந்த வருஷம் சைக்கிள் சக்கரத்தில் கட்டிக்கொண்டு திரிந்ததெல்லாம் என் சிடிகள்தான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சிடி பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். அங்கே என்டிஎஸ்சி, கிட்டத்தட்ட 30. அங்குள்ள பல பிளேயர்களில் நம்முடையது ஓடாது. ‘ரீஜன் லாக்’, அதாவது பிரதேசவாரியான பூட்டு, அதைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக் காசு வாங்கியவர்கள் உண்டு. ரீஜன் பூட்டு சினிமாக் கம்பெனிச் சிடிக்குத்தான், நாங்கள் எழுதிய கல்யாணச் சிடியில் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. கம்ப்யூட்டரில் போட்டால் அங்கேயும் ஓடும். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அவர்களும் பால்தான்.

இப்போது பென்டிரைவ் காலம், இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்று என் தங்கை மகன் சொல்கிறான். அவனும் வீடியோதான் எடுக்கிறான். போன மாதம் 12 ஜிபி கல்யாணப் படத்தை 64 ஜிபி பென்டிரைவில் போட முடியவில்லை என்று வந்து நின்றான். இடம் இருக்கிறது, ஏற மாட்டேன் என்கிறது. பார்த்தால் நம்முடைய பழைய ஃபேட் 32! இருபது வருஷத்துக்கு முந்தைய பேயைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தேன். அப்புறம் செல்போனில் எடுத்த படத்தைச் சேர்த்தால் உதடும் பேச்சும் ஒட்டவில்லை என்றான். செல்போன் ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சீராக்கிவிட்டு அப்புறம் எடிட்டிங்கில் சேர்க்கச் சொன்னேன். நாகஸ்வரக்காரர் கதையையும் சொன்னேன், சிரித்தான்.

விண்டோஸ் 8 வந்தபோதே அதோடு வந்துகொண்டிருந்த டிவிடி எழுதும் மென்பொருளை எடுத்துவிட்டார்கள். இப்போது விற்கிற லேப்டாப்பில் டிரைவே வைப்பதில்லை. வெளியிலிருந்து செருகும் டிரைவ் இன்னும் கடையில் கிடைக்கிறது. வீட்டுக்கு ஒன்று வேண்டாம், பங்காளிகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது பெட்டகத்தில் இருக்கிற சிடிகளையெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். நான் கொடுத்த மஞ்சள் பார்டர் சிடி யாரிடம் இருந்தாலும் காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் மட்டும் வர வேண்டாம்.

தேவகோட்டை ஆச்சிக்குத்தான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் உடைத்த சிடியில் பிள்ளையார் படமும் மஞ்சள் பார்டரும் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள் ஆச்சி. இருந்தால் அது என் வேலை. 2005 வரை கேசட் விலைக்குப் பயந்து, ஒரு கல்யாணத்தின் மேலேயே இன்னொரு கல்யாணத்தைப் பதிந்துகொண்டிருந்தேன். அதற்கப்புறம் எடுத்த மூலக் கேசட் எதையும் அழிக்கவில்லை. மாடியில் எட்டு அட்டைப்பெட்டி இருக்கிறது, அதை ஓட்டுகிற கேமராவும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர் வாரியாக அடுக்கவில்லை, முகூர்த்தத் தேதி வாரியாகத்தான் அடுக்கியிருக்கிறேன். மகளுடைய கல்யாணத் தேதியை மட்டும் இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், ஆசிரியர் எனக்குச் சேர்ப்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
மிக்ஸிங்காரர், செக்காலை, காரைக்குடி